தண்ணீருக்கு முதலிடம்

எங்கள் வீட்டுப் பேஸ்மென்ற் சுவரில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதைச் சுவரில் பூட்டி வயர் இணைத்தது நான். உள்ளே வரிசையாக ரிலேக்கள், மின்சாரத்தில் தானே விழுந்தெழும் சின்னச் சுவிட்சுகள். மேலே ஏதாவது ஓர் அறை சூடு கேட்டால் ஒரு ரிலே 'டிக்' என்று விழும். அந்த அறைக்குப் போகும் குழாயின் வால்வு திறக்கும். பொய்லரில் காய்ந்த தண்ணீர் ரேடியேற்றருக்கு ஓடும். அறை சூடானதும் வால்வு தானே மூடிக்கொள்ளும். அதற்கு முன் முழு வீட்டுக்கும் ஒரே தெர்மோஸ்டாட்தான். முன்னறையில் இருப்பவர் வியர்த்துக்கொண்டிருப்பார், பின்னறையில் படுப்பவர் இரண்டு கம்பளி போர்ப்பார்.

கட்டடங்களின் சூடேற்றலைத்தான் நான் கல்லூரியில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் படித்து முடித்துச் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அண்ணை இடையில் விட்டுவிட்டுத் துறைமுகத்தில் லொறி ஓட்டப் போனவர். பெட்டி பூட்டிய பிறகு, வீட்டுக்கு வந்த எல்லாரையும் அம்மா கைபிடித்துப் படியிறக்கிக் கொண்டுபோய்க் காட்டினார்.

"எல்லாம் என்ர மகள் செய்தது. ஒண்டிலயும் கை வைச்சுப் போடாதேங்கோ."

நான் பின்னால் நின்று, ஒருவரும் கேட்காத விளக்கமெல்லாம் சொல்லுவேன்.

தை மாதம் அண்ணிக்குக் குழந்தை பிறந்தது. பிள்ளைப்பேறு பார்க்க அவருடைய அம்மா பக்கத்து நகரமான லவாலில் இருந்து வந்து எங்களோடு தங்கினார். மாமி மட்டக்களப்பு. வரும்போதே காய்ந்த நொச்சி இலை, வேது பிடிக்கிற சரக்கு, சாம்பிராணி என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். காலையில் அண்ணிக்கு வாளி வாளியாக வெந்நீர் வார்ப்பார். பிறகு குழந்தையைக் குளிப்பாட்டுவார். பிறகு துணிகளைச் சுடுதண்ணீரில் அலசுவார். பிறகு தானும் முழுகிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவார்.

நான் வேலையால் வந்த ஒரு மாலை, சப்பாத்தைக் கழற்றும்போதே மாமி சொன்னார்.

"மகள், இந்த வீட்டுல காலையில சூடு நிக்குதில்ல. குழந்தைட கால் ஐஸ் மாதிரிக் கிடக்கு."

நான் வரும் நேரம் வீடு எப்போதும் சூடாகத்தான் இருந்தது. தொலைபேசியைத் திறந்து அறைகளுக்கு நான் வைத்திருந்த சூட்டு இலக்கங்களைக் காட்டினேன்.

"சாம்பிராணி போட்டிட்டு யன்னலைத் திறந்து விடுறியள், மாமி. சூடெல்லாம் வெளியால போகுது."

"திறக்காட்டி உங்கட கூரையில இருக்கிற புகை மணி கத்துதே! பொறகு நெருப்பணைக்கிற ஆக்கள் வந்து எனக்குத்தான் சாம்பிராணி போடுவாங்க."

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த நாளில் இருந்து மாமி யன்னலைத் திறக்கவில்லை; குளியலறையில் கதவைச் சாத்தி, காற்றாடியைப் போட்டுச் சாம்பிராணிப் புகை காட்டினார். காலையில் வீடு குளிர்ந்தபடிதான் இருந்ததாம்.

வெள்ளிக்கிழமை மாலை மாமி முடிவாகச் சொன்னார். "நாளைக்கு ரெண்டு பேரையும் லவாலுக்குக் கூட்டிப் போறன். மூத்தவள்ர வீடு புது வீடு. குழந்தை தும்முது, என்னால பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது."

முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிய முன் முதல் பேரப்பிள்ளை வீட்டை விட்டுப் போவதென்றால், வைத்துப் பார்க்க வக்கில்லாத வீடு என்றுதான் ஊர் கதைக்கும். குசினி வாசலில் நின்ற அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி முன்னுக்கு வந்தார்.

"அது நான் செய்த வேலை, மச்சாள். தூசி துடைக்கேக்க உந்தச் சுவரில கிடக்கிறதைத் திருப்பிப்போட்டன். எனக்கு உந்த இலக்கமெல்லாம் வடிவாப் பிடிபடுறேல்லை."

எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"எத்தினை தரம் சொன்னனான், அம்மா? தெரியாட்டிக் கை வைக்காதேங்கோ எண்டு! வாசிக்கத் தெரியாட்டி என்னைக் கேட்டால் என்ன?"

மாமி தரையைப் பார்த்தார். அண்ணி குழந்தையின் போர்வையைச் சரிசெய்தார். "ஓம் பிள்ளை," என்றார் அம்மா. அவ்வளவுதான்.

பிறகு நான் அறை அறையாகப் போய்த் தெர்மோஸ்டாட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் நான் வைத்த இலக்கத்திலேயே நின்றன. அம்மா பயந்துபோய்த் திரும்பச் சரிசெய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை எனக்கு வேலை இல்லை. சும்மா ஒருதரம் பார்ப்போம் என்று பேஸ்மென்றுக்கு இறங்கினேன். மேலே மாமி அண்ணிக்குத் தண்ணீர் வார்க்கத் தொடங்கினார். கழிவுக் குழாயில் சளசளவென்று சத்தம். குளிக்கிற தண்ணீரை அதே பொய்லரால் காய்ச்சி வைக்கும் சுடுதண்ணீர்த் தாங்கியின் ரிலே விழுந்தது. உடனே பெட்டியில் அறைகளுக்கான சின்ன விளக்குகள் எல்லாம் அணைந்தன. வால்வுகள் மூடின. ரேடியேற்றர்களுக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் நின்றது.

பிழை ஒன்றும் இல்லை. அப்படித்தான் நான் அமைத்திருந்தேன். எங்கள் பொய்லர் சின்னது. அறைகளுக்கும் குளிக்கிற தண்ணீருக்கும் ஒரே நேரத்தில் சூடு கொடுக்கத் திணறும். அதனால் தாங்கி கேட்டால் தாங்கிக்கே முதலிடம், அது காயும்வரை அறைகள் பொறுக்கட்டும் என்று ஒரு சுவிட்சைத் தள்ளி வைத்திருந்தேன். நாங்கள் அவசரமாகக் குளித்துவிட்டு ஓடுகிறவர்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போதோ அண்ணி, குழந்தை, துணி, மாமி என்று மத்தியானம் வரை தாங்கி கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவு நேரமும் ஒரு ரேடியேற்றருக்கும் சொட்டுச் சூடு போகவில்லை.

சுவிட்சை மற்றப் பக்கம் தள்ளினேன். பம்ப் மறுபடி ஓடியது. கை தானாகச் செய்தது. எனக்கு முகம் எரிந்தது.

அம்மா ஹோட்டல் படுக்கைவிரிப்புகள் தோய்க்கும் இடத்தில் வேலை செய்கிறவர். ஆளுயர இயந்திரங்கள். எந்தத் துணிக்கு எத்தனை பாகை என்று பார்த்து வைப்பது அம்மாதான். புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டிக்கொடுப்பதும் அவர்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், இலக்கம் பிடிபடுவதில்லை என்று அவர் சொன்னதை மூச்சு விட முன் நம்பினேன். அதை நம்புவது எனக்கு அவ்வளவு சுகமாக இருந்திருக்கிறது.

மேலே ஏறி வந்தேன். வாசலில் பைகள். அண்ணி தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றார். அண்ணை குழந்தையின் கார் இருக்கையின் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, அம்மா ஒண்டும் தொடேல்லை. நான்தான் பிழையாப் போட்டு வைச்சனான்."

"சும்மா இரு, பிள்ளை," என்றார் அம்மா அவசரமாக. "நான்தான்..."

"இல்லை, அம்மா. மாமி, நீங்கள் தண்ணி வாக்கிற நேரமெல்லாம் வீட்டுச் சூட்டை நிப்பாட்டச் சொல்லி நான் வைச்சிருந்தனான். இப்பத்தான் மாத்தினன்."

மாமி அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

"அப்ப நான் குளிச்சா, பிள்ளைக்குக் குளிர்?" என்றார் அண்ணி.

"ஓம் அண்ணி."

அவர் அறைக்குள் போய் ரேடியேற்றரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் போல இருந்தது. "சுடுது, அம்மா," என்று கூப்பிட்டார். மாமி கோட்டைக் கழற்றிக் கொழுவினார். "இண்டைக்குப் பார்ப்பம். இனியும் குளிர்ந்தா நிக்கமாட்டன்," என்றார்.

குளிரவில்லை. அவர்கள் போகவில்லை.

அம்மா குசினியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டினார்.

"உனக்கென்ன விசரே? சம்பந்தி வீட்டாருக்கு முன்னால உன்னை நீயே குறைச்சுக் கதைக்கிறாய். நான் சொன்னதோட விட்டிருக்கலாம்தானே. நான் படியாதவள், என்னை ஆரும் ஒண்டும் நினைக்காயினம்."

முதல் நாள் எல்லாருக்கும் முன்னால் நான் கத்தியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்கு அவருக்குக் கோபமே வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் அப்படிக் கத்துவேன் என்று தெரிந்துதான் அவர் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறார்.

"அம்மா..." என்று தொடங்கினேன். எங்கள் வீட்டில் தாயிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லை. எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன்.

"நிக்காதை," என்றார் அம்மா திரும்பாமல். "மாமிக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடு."