கோடு கிழித்த தட்டு

பண்டாரவளையில் என் வீட்டுக் குசினி அலமாரியில் ஓர் எவர்சில்வர் தட்டு இருக்கிறது. அதன் நடுவே ஆணியால் கிழித்த ஒரு கோடு; ஒரு பாதியை மட்டும் இரண்டாகப் பிரிக்கும் இன்னொரு கோடு. இரண்டுமே கோணல். அந்தத் தட்டில் நான் இதுவரை சாப்பிட்டதில்லை. கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அவை என் சின்னம்மா கிழித்த கோடுகள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் அவள். நான் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான அவளுடைய லயத்து வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அவளுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய், இருப்பது தெரிந்தது. பதுளைக் கிளினிக்குக்கு நான்தான் துணைக்குப் போனேன். அங்கிருந்த நர்ஸ் ஒரு தட்டின் படத்தைக் காட்டி நிதானமாக விளக்கினார். சோற்றை அடியோடு விடச் சொல்லவில்லை. மலை ஏறி இறங்குகிற உடம்புக்கு மாச்சத்து வேண்டும் என்றுதான் சொன்னார். ஆனால் தட்டில் கால்வாசி போதும்; அதுவும் தவிடு போகாத சிவப்பரிசி, குரக்கன் மாதிரியான தானியமாக இருந்தால் இரத்தத்தில் சீனி மெல்லத்தான் ஏறும், வெள்ளைக் கோதுமை மா சட்டென்று ஏற்றிவிடும் என்றார். இன்னொரு கால்வாசிக்குப் பருப்போ முட்டையோ மீனோ. மிச்சப் பாதி முழுக்க மரக்கறியும் கீரையும். சின்னம்மா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஓர் ஆணியைத் தேடி எடுத்துத் தன் தட்டில் கோடு கிழித்தாள்.

அதுவரை அவள் தின்றது என்ன? விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுமுன் கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட, பாலில்லாத சாயத்தண்ணியும். மதியம் மலையில் நின்றபடியே அதே ரொட்டி. இரவில் எல்லாரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சிய சோறும் குழம்பும். ரொட்டியை நான் குறை சொல்லமாட்டேன், அவள் பசியை அடக்கியது அதுதான். அதோடு வேறெதுவும் அவள் தட்டுக்கு வரவில்லை என்பதுதான் என் கோபம். வீட்டில் மரக்கறி இல்லாமலும் இல்லை. சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போவார். லீக்ஸும் கரட்டும் பையில் வரும். முதலில் அவருக்கு, பிறகு மகன்கள் இருவருக்கும். பெண்கள் கடைசியில் என்பது அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம்.

கிளினிக்குக்குப் போய்வந்த அன்றிரவு எல்லார் தட்டிலும் அந்த நர்ஸ் சொன்ன கணக்கிலேயே பரிமாறினாள் சின்னம்மா. சித்தப்பா தட்டைத் தள்ளிவிட்டார்.

“நான் என்ன மாடா, எலையும் தழையும் போடுற? மலையில பாடுபட்டு வர்றவனுக்குச் சோறு வேணாமா?”

“நானும் மலைக்குத்தாங்க போறேன்.”

“ஒரு வருத்தக்காரிக்காக வீடே பட்டினி கெடக்கணுமா? ஒனக்கு வேணும்னா தனியா ஆக்கித் தின்னு.”

தனியாக ஆக்குவதாம்! சொல்வதற்கு எவ்வளவு லேசு. வீட்டுக்கே ரொட்டி சுட்டுவைத்து, நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, விறகும் பொறுக்கிக்கொண்டு வருகிறவள் தனக்கென்று குரக்கன் பிட்டு எப்போது அவிப்பாள்? சில வாரங்கள் அவித்தாள். அப்புறம் முடியவில்லை. கோடுகளின் மேல் மறுபடி ரொட்டி வந்து உட்கார்ந்தது. பிறகொரு நாள் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை அவள் காலில் குத்தியது. புண் ஆறவே இல்லை. கடைசியில் காலைக் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். “வாயக் கட்டத் தெரியல அவளுக்கு” என்று சித்தப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருடம் அவருக்கும் சீனி என்றார்கள். அந்த வாரமே வீடு தலைகீழாக மாறியது. சிவப்பரிசி வந்தது, குரக்கன் மா வந்தது, மூத்தவன் பதுளையிலிருந்து மீன் வாங்கி வந்தான். இலை என்றும் தழை என்றும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு வருத்தக்காரனுக்காக வீடே பட்டினி கிடக்க வேண்டுமா என்றும் யாரும் கேட்கவில்லை.

போன மாதம் போயிருந்தேன். சித்தப்பா சின்னம்மாவின் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “பாரு புள்ள, கோடு தாண்ட மாட்டேன். சீனி நல்லா கொறஞ்சிருச்சு” என்றார் பெருமையாக. அடுப்பங்கரையில் சின்னம்மா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வெள்ளை ரொட்டியைப் பிய்த்துச் சாயத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

“சின்னம்மாவுக்கும் சீனிதானே சித்தப்பா?” என்றேன்.

“போஞ்சிக் கறி கொஞ்சந்தான் இருந்துச்சு புள்ள. ஒரு ஆளுக்குத்தான் காணும்.”

சாப்பிட்டு முடித்தவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தட்டை நீட்டினார். அவள் ஒற்றைக் காலில் எழுந்து வந்து வாங்கினாள்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. தட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கழுவி என் பையில் போட்டேன். “வாங்க சின்னம்மா, என்கூட பண்டாரவளைக்கு வந்துருங்க” என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். ஆனால் நான் படியிறங்கியதும் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு லயத்து வாசல் வரை பின்னாலேயே வந்தாள்.

“புள்ள, தட்டக் குடுத்துட்டுப் போ. அது இல்லாட்டி அவரு எப்புடி அளந்து திம்பாரு?”

நான் கொடுக்கவில்லை.