மோட்டார்காரரின் நான்கு ஒப்பந்தங்கள்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் மோட்டார்காரர்தான். தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். கீழ்த்தளத்தில் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் அவரும் மனைவியும் இருக்கும் வீடு. மேலே மாடிக்கு இரண்டாக நான்கு வீடுகள், நான்கும் வாடகைக்கு. கொத்து வேலையைத் தவிர மற்றதெல்லாம் அவர் கைப்படச் செய்தது. குழாய், வயரிங், கதவுத் தாழ்ப்பாள் உட்பட.

வீட்டுக்காரராக அவர்மேல் பெரிய குறை சொல்ல முடியாது. குழாய் சொட்டுகிறது என்றால் அன்றைக்கே வந்து நிற்பார். சில சமயம் சொல்வதற்கு முன்பே வந்து நிற்பார். சிக்கலே அதுதான். நான்கு வீட்டுக்கும் மாற்றுச் சாவி வைத்திருந்தார். உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்கும் வழக்கம் கிடையாது. திறப்பார், வேலையை முடிப்பார், பூட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். குழாயில் புது வாஷர் இருப்பதைப் பார்த்துத்தான் அவர் வந்துபோனது குடியிருப்பவர்களுக்குத் தெரியவரும். எழுத்து, ஒப்பந்தம் எதுவும் கிடையாது. எல்லாம் வாய்வார்த்தை.

இரண்டாம் மாடியில் ஒரு நர்ஸ் இருந்தாள். கணவன் லாரி ஓட்டுபவன், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரு நாள் மத்தியானம், கீழ்வீட்டுச் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று மோட்டார்காரர் மாற்றுச் சாவியோடு ஏறினார். திறந்து உள்ளே இரண்டடி வைத்திருப்பார், எதிரே விளக்குமாற்றை ஓங்கியபடி அந்தப் பெண் நின்றாள். இரவு வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவள். கண்கள் சிவந்திருந்தன.

"நான்தாம்மா."

"நீங்கன்னு எனக்கு எப்படிண்ணா தெரியும்? ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா?"

"என் வீட்டுக்கு வர்றதுக்கு நான் போன் பண்ணணுமா?"

அவள் விளக்குமாற்றை இறக்கினாள். "புதுச் சட்டம் வந்திருக்குண்ணா. உள்ள வர்றதா இருந்தா ஒரு நாள் முன்னாடி எழுதிச் சொல்லணும். பேப்பர்லயே போட்டிருந்தாங்க."

அவர் ஈரத்தைப் பார்க்கவில்லை. இறங்கிவந்து பட்டறையில் உட்கார்ந்தவருக்கு வேலை ஓடவில்லை. ஆறு வருடமாக அந்த வீட்டில் ஒரு குழாயைச் சொட்டவிட்டதில்லை. தன்னைப் பார்த்து விளக்குமாற்றை ஓங்கிவிட்டாளே என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. மாலையில் மொட்டைமாடிக்குப் போய், அவள் வீட்டுக்குத் தண்ணீர் இறங்கும் வால்வை மூடிவிட்டு வந்தார். எழுதிக் கொடுக்கட்டும், அப்புறம் திறக்கலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர் மனைவி மேலே துணி காயப்போடப் போனாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் முற்றுப்புள்ளி வைத்துத்தான் நிறுத்துவாள். இறங்கிவந்து பட்டறை வாசலில் நின்றாள்.

"வால்வை நீங்களா மூடினீங்க?"

அவர் கம்பிச் சுருளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணு ராத்திரி பூரா வார்டுல நின்னுட்டு வந்து, குளிக்கத் தண்ணி இல்லாம படியில உட்கார்ந்திருக்கா. கீழ வந்து கேக்கவும் இல்ல. நான் திறந்துவிட்டுட்டேன். இன்னொரு தடவை மூடினீங்கன்னா, புகார் அவ குடுக்க மாட்டா, நான் குடுப்பேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூடும்போது சரியென்று பட்ட காரியம், அவள் வாயால் கேட்டபோது கேவலமாக இருந்தது.

அந்த வாரம் புரோக்கர் வந்தார். தெருவில் பாதி வீடுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர். புதுச் சட்டத்தைப் பற்றிக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிடுங்க. கொஞ்ச நாள் பூட்டியே கிடக்கட்டும். இல்லையா, சட்டம் வர்றதுக்கு முந்தின தேதி போட்டு ஒரு பத்திரம் தயார் பண்ணித் தர்றேன். யாரு வந்து பாக்கப்போறாங்க?"

"பூட்டிக் கிடந்தா வீடு வீணாப் போகுமே," என்றார் மோட்டார்காரர். பழைய தேதிப் பத்திரம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பட்டறையை அரை நாள் மூடிவிட்டு, வாடகைப் பதிவு அலுவலகத்துக்கு அவரே போனார். மோட்டார் எரிந்தால் பிரித்துப் பார்க்கிறவர். சட்டத்தையும் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் எழுத்தர். பலருக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

"எழுத்துல ஒப்பந்தம் வேணும், இங்க பதியணும். முன்பணம் ரெண்டு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. அதிகமா வாங்கியிருந்தா வாடகையில கழிச்சுக்கலாம். தண்ணி, கரன்ட்டை என்ன சண்டைன்னாலும் நிறுத்தக் கூடாது."

கடைசி வரிக்கு அவர் கீழே பார்த்தார்.

"எங்களுக்குன்னு இதுல ஒண்ணுமே இல்லையாம்மா?"

"ஏன் இல்ல? காலி பண்றதா இருந்தா அவங்களும் முன்கூட்டியே சொல்லணும். உங்களைக் கேக்காம வேற ஆளைக் குடிவைக்கக் கூடாது. அவங்க உடைச்சதை அவங்கதான் சரிபண்ணணும். அதுக்குத்தான் இந்தப் பட்டியல்." ஒரு நான்கு பக்கத் தாளை நீட்டினாள். "குழாய், கதவு, வயரிங் எல்லாம் என்ன நிலைமையில இருக்குன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பாத்து எழுதி, கையெழுத்துப் போடணும்."

பட்டியலைப் பார்த்ததும் அவருக்குத் தெம்பு வந்தது. இதில் தன்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்தார்.

நான்கு வீட்டுக்கும் மனைவி கடிதம் அடித்துக் கொடுத்தாள். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பார்வையிட வருகிறோம், வசதிப்படாவிட்டால் தயவுசெய்து வேறு நேரம் சொல்லவும். "'தயவுசெய்து'ன்னு ஒண்ணு போட்டிருக்கியே, அது எதுக்கு?" என்றார். "அது சட்டத்துல இல்ல. நானாப் போட்டது," என்றாள்.

வியாழக்கிழமை நர்ஸின் கதவைத் தட்டிவிட்டு வெளியே காத்திருந்தார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும், அவருக்கு அது நீண்ட நேரமாகத் தெரிந்தது. அவள் திறந்து, "வாங்கண்ணா," என்றாள். குரலில் கோபம் இல்லை, ஆனால் பழைய கலகலப்பும் இல்லை. தாளை வைத்துக்கொண்டு அறை அறையாகப் போனார்கள். ஜன்னல், நல்ல நிலை. சமையலறைக் குழாய், நல்ல நிலை. கீழ்வீட்டுக்கு ஈரம் இறங்கிய இடத்தையும் கண்டுபிடித்தார். குளியலறைக்கு வந்ததும் அவள் தயங்கினாள்.

"ஹீட்டர் போட்டா குழாய்ல லேசா ஷாக் அடிக்குதுண்ணா. போன வருஷமே இவரு உங்ககிட்ட சொன்னாரு. கை ஈரமா இருந்திருக்கும்னு சொல்லிட்டீங்களாம்."

அவருக்கு ஞாபகம் இருந்தது. சொன்னது அவர்தான். ஹீட்டரைப் போடச் சொல்லி, டெஸ்டரைக் குழாயில் வைத்தார். டெஸ்டருக்குள் இருந்த சிறு விளக்கு எரிந்தது; குழாயில் கரன்ட் இருந்தது.

மெயினை அணைத்துவிட்டுச் சுவர்ப் பெட்டியைக் கழற்றினார். கசியும் கரன்ட்டைத் தரைக்கு இறக்கவேண்டிய பச்சை எர்த் கம்பி, ஹீட்டரிலிருந்து வந்து பெட்டிக்குள் எதிலும் சேராமல் நின்றிருந்தது. நுனியில் கறுப்பு டேப், குறுக்கும் நெடுக்குமாக. அப்படிச் சுற்றுவது அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான். பதினோரு வருடத்துக்கு முன், வீடு கட்டி முடித்த வாரம். கம்பி தீர்ந்துபோய், நாளைக்கு இணைத்துக்கொள்ளலாம் என்று டேப்பைச் சுற்றிவிட்டு இறங்கினார். அந்த நாளை வரவேயில்லை.

குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்னண்ணா?"

"எர்த்தே குடுக்கல. நான்தான் போட்டது. நான்தான் விட்டது." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உன் உயிரே போயிருக்கும்மா," என்றார்.

அவள் திரும்பிக் குழாயைப் பார்த்தாள். ஆறு வருடம் ஈரக் கையோடு அந்தக் குழாயைத் திறந்ததை நினைத்திருப்பாள். அவர் தாளை எடுத்து, வயரிங் என்ற இடத்தில் 'பழுது' என்று எழுதினார். பொறுப்பு என்ற இடத்தில் 'உரிமையாளர்' என்று எழுதி, அதன்கீழ் ஒரு கோடும் போட்டார்.

"அன்னைக்குத் தண்ணி நின்னுச்சே," என்றார். "அதுவும் நான்தான்."

"தெரியும்ணா. உங்க வீட்டு அக்கா சொன்னாங்க."

அந்த வயரிங்கை அவர் தானே சரிசெய்யவில்லை. லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டார். தன்னைவிடப் பாதி வயதுக்காரர் தன் வேலையைப் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தது அவருக்கு எளிதாக இல்லை. நான்கு வீடுகளில் இன்னும் ஒன்றிலும், அவர் மனைவி துணி துவைக்கும் இடத்திலும் குறை இருந்தது. எல்லாம் சரியாக மூன்று நாள் பிடித்தது. மாற்றுச் சாவிகளை அவரவர் கையெழுத்துப் போட்ட உறைகளில் போட்டு ஒட்டி அலமாரியில் வைத்தார்கள்.

மனைவியோடு பதிவு செய்யப் போன அன்று நர்ஸ் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு வருடம் என்று எழுதியிருந்ததை மூன்றாக மாற்ற முடியுமா என்று கேட்டாள். அவர் சரி என்று பேனாவை எடுத்தார். எழுத்தர் வீட்டுப் பத்திரத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க கையெழுத்துப் போட முடியாது சார். வீடு உங்க பேர்ல இல்லையே."

மனை வாங்கியது மனைவியின் சேமநிதிக் கடனில். அவள் பேரில்தான் பதிவாகியிருந்தது. இத்தனை வருடம் அதைப் பற்றி யோசிக்கவேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றார் மனைவியிடம்.

"வரி ரசீது வருஷா வருஷம் என் பேர்லதானே வருது," என்றாள் அவள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நான்கு ஒப்பந்தங்களையும் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். முக்கால் மணி நேரத்தில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தச் சொல்லி, நர்ஸின் ஒப்பந்தத்தில் மூன்று வருடம் என்று மாற்றச் சொல்லி, நான்கிலும் கையெழுத்துப் போட்டாள்.

"சாட்சி யாரு?" என்றாள் எழுத்தர்.

மோட்டார்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.