டக்கு சார் யோசித்த நாள்

பேருந்து நிலைய விசாரணை அறையில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் இருந்தவருக்கு ‘டக்கு சார்’ என்று பெயர். கேட்பவர் ஊர்ப் பெயரை முடிப்பதற்குள், “அஞ்சாவது பிளாட்பாரம், கிளம்பப்போகுது, ஓடுங்க!” என்பார். ஜனங்களும் ஓடுவார்கள். பாதி நாள் அது சரியாக இருக்கும். மீதி நாளைப் பற்றிப் புகார் வந்ததில்லை. தப்பான பஸ்ஸில் ஏறியவர் எங்கேயோ போய்ச் சேர்ந்திருப்பார், சண்டை போடத் திரும்பியா வருவார்? தன் மானம் கப்பலேறாததற்கு இது ஒன்றுதான் காரணம் என்று டக்கு சார் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

பக்கத்து ஜன்னல் அக்கா வேறு ரகம். அட்டவணையைப் பார்ப்பார், டிப்போவுக்குப் போன் போடுவார், அப்புறம்தான் வாயைத் திறப்பார். தப்பே வராது. ஆனால் அவர் புரட்டும்போதே ஜனங்களுக்கு முகம் சுருங்கிவிடும். “இவங்களுக்குத் தெரியலைப்பா” என்று டக்கு சாரிடம் வந்து கேட்டுக்கொண்டு போவார்கள். அக்கா முறைப்பார். “நான் என்னக்கா பண்றது, முகராசி!” என்பார் இவர். ராசியாவது மண்ணாவது, வாய்க்கு பிரேக் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு மதியம் டக்கு சாரின் மனைவியே மூச்சிரைக்க வந்து நின்றாள். மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. மாப்பிள்ளை வெளியூர் போயிருக்கிறார், ஆஸ்பத்திரியில் அவள் தனியாக இருக்கிறாள்.

“ஏங்க, அவ ஊருக்கு எந்த பஸ்ஸு?”

வழக்கம்போல வாயைத் திறந்த டக்கு சார் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அந்த ஊருக்கு இரண்டு வண்டிகள், பாலம் வேலையால் அதில் ஒன்று இப்போது ஊரைச் சுற்றிப் போகிறது. எது என்று நினைவில்லை. அட்டவணையைத் தேடினார். நாற்காலி ஆடாமல் இருக்க அதை மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்தவர் அவரேதான். வெட்கத்தை விட்டு அக்காவிடம் கேட்டார். அக்கா டிப்போவைக் கேட்டுச் சொன்னார்.

“ஒண்ணு... ஒண்ணாவது பிளாட்பாரம்,” என்றார் மனைவியிடம்.

“நிஜமாவா?”

“விசாரிச்சுட்டுத்தான் சொல்றேன்.”

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க இழுத்தாலே எனக்கு நம்பிக்கை போயிடும். என் சமையல் நல்லா இருக்கான்னு கேட்டாலும் இப்படித்தான் இழுப்பீங்க.”

வரிசையில் நின்ற ஒருவர் பளிச்சென்று சொன்னார்: “மூணாவதும்மா! கிளம்புது, ஓடுங்க!”

அவள் ஓடியேவிட்டாள்.

“யாருய்யா உனக்குச் சொன்னது?” என்று கத்தினார் டக்கு சார்.

“நீங்கதான் சார், போன வாரம்!”

விழுந்தடித்துப் போய்ப் பார்த்தபோது, அவளை ஏற்றிக்கொண்டு அந்தச் சுற்றுவழி பஸ் நிலைய வாசலைத் தாண்டிவிட்டது. பதற்றத்தில் அவள் போனை அவர் ஜன்னலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அது அடித்துக்கொண்டிருந்தது. மகள்.

“அப்பா, அம்மா எங்கே? என்னை உள்ளே கூட்டிட்டுப் போறாங்க. பயமா இருக்குப்பா. அம்மா எப்ப...”

“இதோ வந்துட்டாம்மா! வாசல்லதான் இருப்பா!”

“அப்பாடா,” என்றாள் மகள்.