வயிற்று வழி

போன வாரம் தி.நகரில் ஒரு மருந்துக்கடைப் பலகையில் 'மூட்டு வழிக்குத் தைலம்' என்று எழுதியிருந்தது. என் மகள் சிரித்துக்கொண்டே செல்போனில் படம் எடுத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ராயப்பேட்டையில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால் வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துக்காட்டுவேன். ஈக்காட்டுத்தாங்கலில் வாழ்க்கைப்பட்டிருந்த சித்தி ஒருநாள் கார்டு போட்டிருந்தாள். "அக்கா, வயித்து வழி தாங்கல. ஒரு தபா வந்துட்டுப் போ."

"வலிக்கு வழின்னு எழுதிக்கீதும்மா சித்தி. வயித்துக்குள்ள எந்த ஊருக்கு வழி போவுதாம்?" என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்துவிட்டாள். "அவ எப்பவும் அப்டிதான். ஞாயித்துக்கெழம போய்ப் பாக்கலாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை சித்தி இறந்துபோனாள். குடல்வால் வெடித்துவிட்டதாம்.

காரியம் முடிந்து வீடு திரும்பிய அன்று அம்மா, "நீ சிரிச்சியா, நானும் சிரிச்சிட்டேன்" என்றாள். திட்டவில்லை. அதன்பின் வந்த கடிதங்களை அவள் என்னிடம் கொடுக்கவில்லை. பிரிக்காமல் பக்கத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.