முறி

எழுபதுகளின் நடுவில் வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். சொந்த ஊர் பெருமாட்டி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். இரண்டும் தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனால், மலையாளிக் கம்பவுண்டரிடம் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு மழைநாளில், சரிவில் வழுக்கி விழுந்த ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள்.

"கை முறிஞ்சு போச்சுய்யா" என்று அழுதாள்.

நான் யோசிக்கவே இல்லை. "கை முறிஞ்ஞு" என்று மலையாளத்தில் சொன்னேன். கம்பவுண்டர் முழங்கைச் சிராய்ப்பில் டிஞ்சர் தடவித் துணி சுற்றினார். "சாரமில்ல, ரெண்டு திவசம் கொண்டு மாறும்."

"ஐயா, உள்ளுக்குள்ள என்னமோ அசையுதுய்யா" என்றாள்.

வெளியே வரிசை நீண்டிருந்தது. அதை நான் கம்பவுண்டரிடம் சொல்லவில்லை. "ஒண்ணுமில்லீங்கம்மா, ரெண்டு நாள்ல சரியாயிரும், போங்க" என்று அனுப்பிவிட்டேன்.

வலி நிற்காமல், ஒரு மாதம் கழித்து அவள் மலையிறங்கிக் கம்பத்து வைத்தியரிடம் போனபோது எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. கம்பவுண்டரிடம் கேட்டேன். அவர் திகைத்துப்போனார்.

"ஒடிஞ்ஞு என்னல்லே பறயேண்டது? முறிஞ்ஞு என்னு கேட்டப்போள் ஞான் சோரையல்லே நோக்கியது!"

மலையாளத்தில் கை முறிந்தால் வெட்டுப்பட்டுச் சோர, அதாவது ரத்தம், வருகிறது என்று பொருள். எலும்பானால் ஒடியத்தான் வேண்டும். பிறகு அகராதிகளைப் புரட்டினேன். மலையாளத்தில் முறி என்றால் வீட்டின் அறையும்தான். கன்னடத்தில் நம்மைப் போலவே உடைப்பது. பழந்தமிழில் தளிர். பழியைச் சொல்லின்மேல் போட வழி தேடினேன் என்பதே உண்மை. ஆனால் 'அசையுது' என்பதற்கு மலையாளம் எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்தக் கையால் அவளால் கொழுந்து பறிக்க முடியவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றினார்கள். ஒரு மத்தியானம் அங்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மடியில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டாள். திட்டவில்லை.

"அப்ப எப்படிய்யா சொல்லியிருக்கணும்?"

"ஒடிஞ்ஞு."

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அடுத்த மாதத்திலிருந்து அவளுடைய லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் அவளையே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தெரிந்த மலையாளத்தில் திக்கித் திக்கி அவளே பேசினாள். ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.