பெயர் வராத நம்பர்

பத்தாவது வரை படித்தவன் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். செல்போனைப் பற்றி ஊருக்கு எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப்போல ஒரு சின்ன போனை நம்பித் தனியாக நாளை ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இது நடந்தது இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில், காரைக்காலில். தலத்தெருவில் வாடகை வீடு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகளைக் கும்பகோணத்தில் கட்டிக் கொடுத்திருந்தேன். படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனியில் எனக்கு வேலை.

சாயங்காலம் சாப்பிட்டதும் மகளுக்கு ஒரு ரிங் விட்டு நிறுத்திவிடுவேன். அவளும் ஒரு ரிங் விடுவாள். சாப்பிட்டாச்சு, நல்லா இருக்கேன் என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அப்போது அவளுக்கு வளைகாப்பு முடிந்திருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. என் வீட்டிலோ பெண்பிள்ளை யாருமில்லை. "இங்க வந்தா உன்ன யாரும்மா பாத்துக்குவா? அங்கேயே இருந்துக்க" என்று போனில் சொன்னேன். "சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரமே, ஐஸ் உறைய வைக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியின் மேல் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த போன் உள்ளே விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, அரிசிப் பானையில் புதைத்து வைத்தும் உயிர் வரவில்லை. நல்ல தண்ணீரில் விழுந்தால் அரிசி காப்பாற்றலாம், உப்புத் தண்ணீருக்கு அரிசி ஒன்றும் செய்யாது. சிம் மட்டும் பிழைத்தது. ஆனால் நம்பர்களெல்லாம் போனில்தான் இருந்தன, சிம்மில் இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பழைய போன் ஒன்று வாங்கினேன். "நம்பர் சொல்லுங்க சார், போட்டுத் தர்றேன்" என்றார் கடைக்காரர். மகள் நம்பரை நான் என்றைக்கு மனப்பாடம் செய்தேன்? பெயரைப் பார்த்து அமுக்கித்தானே பழக்கம். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். மகள் நம்பர் தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஞாபகத்தில் வந்ததைச் சொன்னேன். 'மகள்' என்று போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஒரு ரிங் விட்டேன். உடனே 'மகள்' என்று திரையில் வந்து ஒரு ரிங் அடித்து நின்றது. மனசு நிறைந்து படுத்தேன். தினமும் அப்படியே நடந்தது.

பகலில் மட்டும் பெயர் வராத ஒரு நம்பரிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. "பேர் தெரியாத நம்பர எடுக்காதண்ணே, பேலன்ச உறிஞ்சிடுவான்" என்று கம்பெனியில் ஒருத்தன் பயமுறுத்தியிருந்தான். நான் ஒவ்வொரு தடவையும் கட் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"என்ன மாமா, போன அடிச்சா கட் பண்றீங்க? அப்பா என்னைக் கழிச்சு விட்டுட்டாருன்னு சோறு தண்ணியில்லாம அழுவுறா."

"நேத்துகூட ரிங் விட்டாளே மாப்பிள்ளை."

போனை வாங்கிப் பார்த்தார். "இது அவ நம்பரே இல்ல. நீங்க கட் பண்றீங்களே, அதுதான் அவ நம்பர்."

அப்படியானால் இத்தனை நாளும் திருப்பி ரிங் விட்டது யார்? மாப்பிள்ளை அந்த நம்பருக்குப் போட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தார். ஒரு அம்மா எடுத்தார்.

"மவனே, பேசுறியா?" என்றார்.

மாப்பிள்ளை தயங்கி, நம்பர் மாறி வந்துவிட்டதைச் சொன்னார். அந்த அம்மாவின் மகன் துபாயில் வேலை பார்க்கிறானாம். அவன் அங்கேயிருந்து பேசும்போது என்னென்னவோ நம்பர்தான் வருமாம்.

"அவன் பேசி நாளாச்சு தம்பி. பேச முடியாட்டியும் ரிங்காச்சும் விடுறானேன்னு நானும் ஒரு ரிங் விட்டுக்கிட்டிருந்தேன்." என்றவர், "அப்ப அது அவன் இல்லியா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா."

"சரி தம்பி. பரவால்ல" என்று வைத்துவிட்டார்.

மகளுடைய நம்பருக்குப் போட்டோம். "சமைக்க எனக்குத் தெரியும்ப்பா. நீங்க பக்கத்துல இருந்தா போதும்" என்றாள்.

நம்பர்களைச் சிம்மிலும் போட்டு வையுங்கள், வேண்டியவர்களின் நம்பரையாவது மனப்பாடம் செய்யுங்கள், ரிங்கோடு நிறுத்தாமல் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று இப்போது கம்பெனியில் எல்லோரிடமும் சொல்கிறேன். அந்த அம்மாவிடம் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. முன்பின் தெரியாத பெண்ணிடம் என்ன பேசுவது என்ற கூச்சம். அதன் பிறகும் அந்த நம்பருக்கு நான் போடவில்லை. கூச்சத்தால் எனக்கு மட்டும்தான் நஷ்டம் என்று அதுவரை நினைத்திருந்தேன்; அடுத்தவருக்கும் அதில் பங்கு போகிறது என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாப்பிள்ளையோடு கும்பகோணம் போய் மகளை அழைத்து வந்தேன்.