அக்குளுக்கு அடியில் மூன்று முடிச்சுகள்

சவரிமுத்து காலமான செய்தி அஞ்சலட்டையில் வந்தது. கண்ணமங்கலத்திலிருந்து அவர் மகள் எழுதியிருந்தாள்: "அப்பா போய்ட்டாருங்க. உங்களுக்குத் தெரியப்படுத்தச் சொல்லியிருந்தாரு." அன்று நான் வேலையே பார்க்கவில்லை.

அவரோடு மலையேறிய உங்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றிப் படியெடுப்பது அவர் வேலை. அந்தப் படியை வைத்து எழுத்தைப் படிப்பது என் வேலை. எங்களில் யார் பெரியவர் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இருந்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஒரு நடுகல்லைப் படியெடுத்தோம். மலைக்காரர்கள் வேடியப்பன் என்று கும்பிடும் கல். வில்லேந்திய வீரன், மார்பில் குறுக்காகச் சில கோடுகள். எந்தக் காலத்திலோ யாரோ அரிவாள் தீட்டிய தடம் என்று முடிவு கட்டினேன். 'இம்மலை வீரர்கள் வெற்று மார்போடு நின்று மாண்டவர்கள்' என்று கட்டுரையும் எழுதிவிட்டேன். அந்த வரியின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. வேலூரில் ஒரு கருத்தரங்கில் அறிஞர்கள் முன் அந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியிருந்தது.

அதற்கு முதல் நாள் சவரிமுத்து வந்தார்.

"கோவிச்சிக்காதீங்க சார். அது தீட்டுன கோடு இல்ல. தோல் கவசம்."

"உமக்கு எப்படித் தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன்.

பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து விரித்தார். வீரனின் இடப்பக்கத்தில் ஒட்டியெடுத்தது. எழுத்தே இல்லை, தூக்கிப் போடுங்கள் என்று மலையிலேயே நான் ஒதுக்கிய தாள். எழுத்தில்லாத எதுவும் எங்கள் கண்ணில் படாது. அது எங்கள் தொழிலின் வியாதி. அந்தத் தாளில் கோடுகள் எல்லாம் வளைந்து, அக்குளுக்கு அடியில் மூன்று முடிச்சுகளில் முடிந்திருந்தன.

"அருவா தீட்டுறவன் முடிச்சி போடுவானா சார்?" என்றார், சிரிக்காமல்.

ஆசை வரியை அடித்தேன். மறுநாள், பக்கவாட்டில் கட்டிய தோல் கவசம் என்று அடித்துப் பேசினேன். ஒரே பாராட்டு. படியைப் பிடித்தபடி பின்னால் நின்றவரின் பெயரை நான் சொல்லவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

திரும்பும் பேருந்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "வேடியப்பனுக்கு சட்டை கெடச்சிடுச்சி சார், அது போதும்."

அந்தத் துண்டுத்தாள் என்னிடம்தான் இருக்கிறது. நேற்று அதன் ஓரத்தில் மையால் எழுதினேன்: 'கவசத்தைக் கண்டவர் சவரிமுத்து.' இனி யாரும் அதை எழுத்தில்லாத தாள் என்று தூக்கிப் போட முடியாது.